உங்கள் ஃபார்மட் அடுத்தவர் லெட்டர்ஹெட்டில் போகாமல் இருக்க

கடலூர் சிப்காட்டிலும், புதுச்சேரியில் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலும் ஐஎஸ்ஓ தரச்சான்று, தொழிற்சாலைப் பாதுகாப்பு வேலை பார்க்கும் தனி கன்சல்டன்டுக்குக் கைமுதல் என்பது ஒரு ஃபோல்டர்தான். செக்லிஸ்ட், ரிஸ்க் அசெஸ்மென்ட் அட்டவணை, வேலை அனுமதிச் சீட்டு, ஆடிட் ரிப்போர்ட் என்று பல வருடம் திருத்தித் திருத்திச் சேர்த்தவை. இவை வெளியே போகும் வழி பெரும்பாலும் மூன்று: கொட்டேஷனோடு அனுப்பிய சாம்பிள், வேலை மாறும் சேஃப்டி ஆபீசரின் பென்டிரைவ், அடுத்த வருடம் குறைந்த ரேட்டுக்கு வரும் இன்னொரு கன்சல்டன்டிடம் பார்ட்டியே, அதாவது உங்களிடம் வேலை வாங்கிய கம்பெனியே, எடுத்துக் கொடுக்கும் சாஃப்ட் காப்பி. மூன்றிலும் ஃபைலைக் கொடுத்தவர் நீங்கள்தான். அதனால் பாஸ்வேர்டுக்கு முன்னால் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன.

எது உங்களுடையது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் அட்டவணையும் தொகுப்பும் இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள் வருகின்றன. ஆனால் உழைப்பு மட்டும் போதாது, கொஞ்சமாவது சொந்தப் படைப்பாற்றல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் சொல்லிவிட்டது. ‘வ.எண், தேதி, பெயர், கையொப்பம்’ என்று நாலு கட்டம் போட்ட தாளுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. சட்டவிதிகள் வகுத்த படிவங்களும் அப்படியே. ஐஎஸ்ஓ தரநிலையின் வாசகம் ஐஎஸ்ஓவுக்குச் சொந்தம். அதை வரிக்கு வரி உங்கள் செக்லிஸ்டில் ஒட்டியிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். தீவிரத்தை வாய்ப்பால் பெருக்கி ரிஸ்க் மதிப்பெண் போடும் முறை எல்லோருக்கும் பொது. ஆனால் ஆசிட் டேங்கர் இறக்கும் இடத்துக்கு, ‘ஹோஸைக் கழற்றும் முன் லைனில் அழுத்தம் இல்லை என்று யார் பார்த்தார், எந்த கேஜில்?’ என்று நீங்கள் எழுதிய கேள்வி, அதன் வரிசை, ஓரத்தில் போட்ட விளக்கக் குறிப்பு, தமிழாக்கம் ஆகியவை உங்களுடையவை. ஃபார்மட்டில் இந்தப் பகுதி எவ்வளவு கனமோ, உரிமையும் அவ்வளவு பலம்.

அடுத்தது காகிதம். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சம்பளத்துக்கு இருப்பவர் வேலைக்காக எழுதியது கம்பெனிக்குச் சொந்தம். வெளியிலிருந்து வரும் கன்சல்டன்ட் எழுதியதற்கு முதல் உரிமையாளர் அவரே. இது பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு. ஆனால் பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கப் பொடி எழுத்தில் ‘எல்லா ஆவணங்களும் கம்பெனியின் சொத்து’ என்று ஒரு வரி இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டால் ஃபார்மட்டையும் தாரை வார்த்ததாகிவிடலாம். அதற்குப் பதிலாகக் கொட்டேஷனிலேயே இப்படி எழுதி, வொர்க் ஆர்டரிலும் கேட்டு வாங்குங்கள்:

‘நிரப்பப்பட்ட தகவல்கள் நிறுவனத்துக்குச் சொந்தம். வெற்றுப் படிவம், கேள்வித் தொகுப்பு, விளக்கக் குறிப்புகள் ஆகியவற்றின் பதிப்புரிமை ஆலோசகருக்கே. இன்ன முகவரியில் உள்ள இந்த ஒரு ஆலையின் உள் உபயோகத்துக்கு மட்டும் அனுமதி. சகோதர நிறுவனத்துக்கோ வேறு ஆலோசகருக்கோ மின்வடிவில் தரக் கூடாது.’

ஆலையின் முகவரி அவசியம். இல்லாவிட்டால் கடலூரில் வாங்கியது சத்தமில்லாமல் அவர்களுடைய எல்லா யூனிட்டுக்கும் போய்விடும்.

கொடுப்பதையும் குறையுங்கள். கொட்டேஷனோடு 14 பக்க ஃபார்மட் போக வேண்டியதில்லை. நிரப்பிய இரண்டு பக்கம், பழைய பார்ட்டியின் விவரத்தை அழித்து, ஸ்கேன் படமாகப் போதும். ரிப்போர்ட்டைப் பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். தினமும் நிரப்ப வேண்டிய சீட்டை மட்டும் எடிட் செய்யும் வடிவில் கொடுங்கள்.

இப்போது பூட்டு. வேர்டில் ரிவ்யூ பகுதியில் ‘ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்’ போட்டு, படிவம் நிரப்ப மட்டும் அனுமதிக்கலாம். இது தெரியாமல் கட்டத்தைக் கலைப்பவரைத் தடுக்கும், திருடுபவரைத் தடுக்காது. புது வேர்டு ஃபைல் உண்மையில் பல சிறு ஃபைல்களைக் கட்டி வைத்த ஒரு ஜிப் மூட்டை. பெயரின் கடைசியில் உள்ள docx-ஐ zip என்று மாற்றித் திறந்து ஒரு வரியை நீக்கினால் பூட்டு போச்சு. எக்ஸெல் ஷீட் பாஸ்வேர்டும், பிடிஎஃப்பில் ‘காப்பி கூடாது’ என்ற தடையும் இதே ரகம். திறப்பதற்கே கேட்கும் பாஸ்வேர்டு உறுதியானது. ஆனால் அதை பார்ட்டியிடம் சொல்லித்தானே ஆக வேண்டும்? கூகுள் டிரைவில் பார்வையாளருக்கு டவுன்லோடைத் தடுத்தாலும் ஸ்கிரீன்ஷாட் மிச்சம்.

பூட்டை விட அடையாளம் உதவும். ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஃபார்மட்டில் இரண்டு மூன்று சின்ன வித்தியாசம் வையுங்கள்: ஒருவருக்கு 7-வது கேள்வியும் 8-வதும் இடம் மாறியிருக்கட்டும், ஒருவருக்கு ‘சரிபார்க்கவும்’, இன்னொருவருக்கு ‘பார்த்து உறுதி செய்யவும்’. யாருக்கு எது என்று தனி எக்ஸெலில் குறித்து வையுங்கள். லோகோவை மாற்றுகிறவர் இதையெல்லாம் பார்ப்பதில்லை. ஒன்று மட்டும் கூடாது: அடையாளத்துக்காகத் தவறான அளவோ அழுத்தமோ போட்டுவைப்பது. அந்தச் சீட்டை நம்பி ஒரு ஆள் டேங்குக்குள் இறங்குவார்.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை, எழுதியவுடனே உரிமை வந்துவிடுகிறது. ஆனால் பதிவேட்டில் உள்ளதை நீதிமன்றம் முதல்நிலைச் சான்றாக ஏற்கும் என்கிறது 48-வது பிரிவு. இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்த பின் ஆட்சேபத்துக்கு 30 நாள். உதிரி உதிரியாகப் போகாமல் ஒரு கையேடாகத் தொகுத்துப் போடுவது சிக்கனம். தனக்கே ரிஜிஸ்டர் தபால் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைக்கும் பழக்கத்துக்குச் சட்டத்தில் தனி மதிப்பு ஒன்றும் இல்லை. அதை விட, பார்ட்டிக்கு அனுப்பிய மெயில்களை அழிக்காமல் வைத்திருப்பது மேல்.

காப்பி கண்ணில் பட்டால் உடனே போன் போட்டுச் சண்டை பிடிக்காதீர்கள்; ஃபைல் மறைந்துவிடும். கிடைத்த பிரதியை அப்படியே பத்திரப்படுத்துங்கள். அதன் நகல் ஒன்றை வேர்டின் ‘கம்பேர்’ வசதியில் உங்கள் மூலத்தோடு ஒப்பிடுங்கள். முன்னே சொன்ன ஜிப் மூட்டையைப் பிரித்தால் ‘செட்டிங்ஸ்’ என்ற ஃபைலில் ஆர்எஸ்ஐடி என்ற எண்கள் வரிசையாக இருக்கும். வேர்டு ஒவ்வொரு முறை எடிட் செய்து சேமிக்கும்போதும் போடும் குறி அது. உங்கள் எண்கள் அங்கேயும் இருந்தால், உங்கள் ஃபைலிலிருந்தே கிளம்பியது என்று காட்டலாம். நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றுக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் ஃபைலின் ஹாஷ் எண்ணும் (ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்) குறிக்க வேண்டும். அதனால் கிடைத்த அன்றே ஹாஷ் எடுத்து எழுதிவையுங்கள்.

பிறகு எழுத்தில் கேளுங்கள்: எந்தப் பக்கம், எந்த வரி, எந்தத் தேதிக்குள் நிறுத்த வேண்டும் என்று. ஆதாரமில்லாமல் வழக்கு என்று மிரட்டினால் பதிப்புரிமைச் சட்டத்தின் 60-வது பிரிவில் அவர்களே உங்கள் மேல் வழக்குப் போடலாம். இணையதளத்தில் ஏற்றியிருந்தால் அதை நடத்துபவருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்; பதிப்புரிமை விதிகளின் 75-வது விதிப்படி 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் மீண்டும் திறந்துவிடலாம். காப்பியடித்தவர் புதுச்சேரியில், நீங்கள் கடலூரில் என்றால் அங்கே அலைய வேண்டியதில்லை. வழக்குப் போடுபவர் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடரலாம் என்று 62-வது பிரிவு இடம் கொடுக்கிறது.