24 மணி நேரக் கணக்கில் தடுமாறாமல் இருக்க

ஒருமுறை என் விமான டிக்கெட்டில் "வெள்ளி 00:30" என்று இருந்தது. வெள்ளிக்கிழமை இரவு சாவகாசமாகப் பெட்டியைக் கட்டினேன். விமானம் அன்று அதிகாலையே பறந்துவிட்டது! தப்பு என்னுடையதுதான். அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறை இது.

படி 1: கழித்துப் பழகுங்கள்

13 முதல் 23 வரை எந்த மணியானாலும் 12ஐக் கழித்தால் நமக்குப் பழக்கமான நேரம் வந்துவிடும். 12ஐ மனதில் கழிக்கச் சிரமமாக இருந்தால் முதலில் 2, அப்புறம் 10. 17:40 என்றால் 15, பிறகு 5. அதாவது மாலை 5:40. கைபேசியை ஒரு வாரம் 24 மணி நேரத்துக்கு மாற்றி வையுங்கள், தானாகப் பழகிவிடும்.

படி 2: பன்னிரண்டில் நின்று யோசியுங்கள்

பலரும் வழுக்கும் இடம் இது. ஏ.எம். என்றால் நண்பகலுக்கு முன், பி.எம். என்றால் பின். சரி, நண்பகல் 12 மணி எதில் சேரும்? உண்மையில் இரண்டிலும் இல்லை. வழக்கத்தில் 12 பி.எம். என்பது நண்பகல், 12 ஏ.எம். என்பது நள்ளிரவு. 24 மணிக் கணக்கில் இந்த வம்பே இல்லை: நண்பகல் 12:00, நள்ளிரவு 00:00.

ஆனால் 00:00 என்பது நாளின் தொடக்கம். "வெள்ளி 00:30" விமானத்துக்கு வியாழன் இரவே கிளம்ப வேண்டும். "வெள்ளி நள்ளிரவு" என்று கெடு வைத்தால் எந்த நள்ளிரவு என்று குழப்பம் வரும். அதனால்தான் பல இடங்களில் 23:59 என்று போடுகிறார்கள்.

படி 3: எதிரில் இருப்பவர் யார் என்று பாருங்கள்

ஜெர்மனியிலும் பிரான்சிலும் ரயில் அட்டவணை 20:00 என்று சொல்லும். நண்பர்கள் பேச்சில் எட்டு மணி என்பார்கள். அமெரிக்காவில் 24 மணிக் கணக்குக்கு 'ராணுவ நேரம்' என்றே பெயர். அங்கே ஒருவருக்கு 19:00 என்று எழுதினால் விரல்விட்டு எண்ணக்கூடும், 7 பி.எம். என்றே எழுதிவிடுங்கள்.

ஜெர்மன் மொழியில் இன்னொரு பொறி உண்டு. 'ஹால்ப் ஆஹ்ட்', சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'பாதி எட்டு'. எட்டரை என்று நினைத்துப் போனால் ஒரு மணி நேரம் தாமதம். அது ஏழரை, எட்டை நோக்கிப் பாதி வழி.

படி 4: நாள் எப்போது தொடங்குகிறது என்று கேளுங்கள்

ஜப்பானில் பின்னிரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு 25:00 என்று போடுவதுண்டு. மறுநாள் அதிகாலை 1 மணிதான் அது. பார்ப்பவர் இன்னும் தூங்கப் போகவில்லையே, அவருக்கு அது இன்றைய இரவின் மிச்சம்!

எத்தியோப்பியாவிலும் சுவாஹிலி பேசும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் பகலை விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். நமது காலை 7 மணி அங்கே ஒரு மணி. முள் கடிகாரத்தில் அந்த எண்ணுக்கு நேர் எதிரே உள்ள எண்ணைப் பாருங்கள், விடை அதுதான். காலைப் பேருந்து 'இரண்டு மணிக்கு' என்று யாராவது சொன்னால் எந்தக் கணக்கு என்று கேட்டுவிடுங்கள். எட்டு மணிக்கே அது கிளம்பிவிடலாம்.