போனோடு வந்த வேண்டாத ஆப்களை நீக்க: ரூட் இல்லாமல், ரூட்டோடு, ரூட்டை எடுத்துவிட்டு

புது ஆண்ட்ராய்டு போனில் நீங்கள் கேட்காமலே வந்திருக்கும் ஆப்கள் இரண்டு வகை. ஒரு வகை, ஐகானை அழுத்திப் பிடித்து அன்இன்ஸ்டால் கொடுத்தால் போய்விடும். அவற்றுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. இன்னொரு வகையைத் திறந்து பார்த்தால் டிஸேபிள் என்ற பட்டன்தான் இருக்கும், சிலவற்றில் அதுவும் மங்கிப்போய் அழுத்த முடியாமல் கிடக்கும். லாக் ஸ்கிரீனில் விளம்பரப் படம் காட்டுவது, நோட்டிஃபிகேஷனில் கேம் பரிந்துரைப்பது, ஃபேஸ்புக் ஆப்பை நீக்கிய பிறகும் பின்னணியில் ஓடுவது எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான்.

"ரூட் பண்ணினால்தான் இது போகும்" என்று பலரும் சொல்வார்கள். ரூட் என்பது போனின் சிஸ்டத்தையே மாற்றும் முழு அதிகாரத்தை எடுத்துக்கொள்வது. பத்து வருடம் முன்பு அது சரி. இன்று ஆப்களை நீக்குவது மட்டுமே நோக்கம் என்றால் ரூட் வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு 10-க்குப் பின் வந்த பெரும்பாலான போன்களில் சிஸ்டம் பகுதி, படிக்க மட்டும் முடியும்படி பூட்டப்பட்டிருக்கிறது. ரூட் இருந்தாலும் அங்கே உள்ள கோப்பை அழிக்கப் போனால் "ரீட் ஒன்லி" என்ற பிழைதான் வரும். மேஜிஸ்க் போன்ற ரூட் கருவிகளும் அந்த ஆப்பை அழிப்பதில்லை, சிஸ்டத்தின் கண்ணில் படாமல் மறைக்கின்றன. அதே பலன் ரூட் இல்லாமலே கிடைக்கும்போது பேங்க் ஆப்பையும் வாரண்டியையும் பணயம் வைப்பானேன்?

ஸ்டோரேஜ் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எந்த வழியில் போனாலும் சிஸ்டம் பகுதி பிடித்து வைத்திருக்கும் இடம் உங்களுக்குத் திரும்பாது. அந்த ஆப்பின் அப்டேட்டும் டேட்டாவும் பிடித்திருந்த இடம் மட்டுமே மிஞ்சும். கிடைக்கும் உண்மையான லாபம் வேறு: பின்னணியில் ஓடாது, மொபைல் டேட்டாவைத் தின்னாது, விளம்பரம் அனுப்பாது.

ரூட் இல்லாமல் நீக்குவது

ஆண்ட்ராய்டு 11-ம் அதற்கு மேலும் இருந்தால் கம்ப்யூட்டர்கூட வேண்டாம். ஷிசுக்கு, கான்டா என்ற இரண்டு இலவச ஆப்கள் போதும். ஷிசுக்கு, ஏடிபி எனப்படும் டெவலப்பர் அனுமதியைப் போனுக்குள்ளேயே வாங்கிக் கொடுக்கும். அந்த அனுமதியை வைத்து ஆப்களை நீக்குவது கான்டாவின் வேலை.

1. செட்டிங்ஸில் அபவுட் போன் போய், பில்ட் நம்பரை ஏழு முறை தட்டுங்கள். ரெட்மி, போக்கோ போன்களில் பில்ட் நம்பருக்குப் பதில் எம்ஐயூஐ அல்லது ஹைப்பர்ஓஎஸ் வெர்ஷனைத் தட்ட வேண்டும். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும்.

2. வைஃபையில் இணைந்த நிலையில் அதற்குள் வயர்லெஸ் டீபக்கிங்கை ஆன் செய்யுங்கள். ஷாவ்மி போன்களில் யுஎஸ்பி டீபக்கிங், அதற்குக் கீழே செக்யூரிட்டி செட்டிங்ஸ் என்று குறிப்பிட்ட இன்னொரு யுஎஸ்பி டீபக்கிங் இரண்டும் வேண்டும். இரண்டாவதுக்கு எம்ஐ அக்கவுன்ட்டும் சிம்மும் கேட்கும்.

3. ஷிசுக்குவில் பேரிங் என்பதைத் தட்டிவிட்டு, வயர்லெஸ் டீபக்கிங் பக்கத்துக்கு வந்து "பேரிங் கோட்" திறங்கள். ஆறு இலக்க எண் வரும். அந்தத் திரையை விட்டு வெளியே போனால் எண் செல்லாது. அதனால் மேலிருந்து நோட்டிஃபிகேஷனை இழுத்து, ஷிசுக்கு காட்டும் பெட்டியிலேயே எண்ணைப் போட வேண்டும். ஷாவ்மியில் அந்தப் பெட்டி தெரியாவிட்டால் நோட்டிஃபிகேஷன் ஸ்டைலை ஆண்ட்ராய்டு என்று மாற்றினால் தெரியும்.

4. ஷிசுக்குவுக்குத் திரும்பி ஸ்டார்ட் கொடுங்கள். பிறகு கான்டாவைத் திறந்து அனுமதி கொடுத்தால் போனில் உள்ள எல்லா ஆப்களும் பட்டியலாக வரும்.

போனை அணைத்துப் போட்டால் ஷிசுக்கு நின்றுவிடும், மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆனால் நீக்கிய ஆப்கள் நீங்கியபடியேதான் இருக்கும். ஃபேக்டரி ரீசெட் செய்தால் மட்டும் எல்லாம் திரும்பும். பெரிய வெர்ஷன் அப்டேட்டுக்குப் பிறகும் ஒன்றிரண்டு தலைகாட்டலாம், ஒருமுறை பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு 10-ம் அதற்குக் கீழும் இருந்தால் கம்ப்யூட்டரில் கூகுளின் பிளாட்ஃபார்ம் டூல்ஸை இறக்கி, யுஎஸ்பி கேபிளில் இணைத்து, "ஏடிபி ஷெல் பிஎம் அன்இன்ஸ்டால் --யூசர் 0" (adb shell pm uninstall --user 0) என்ற கட்டளையோடு ஆப்பின் உள்பெயரான பேக்கேஜ் பெயரைச் சேர்த்து அடிக்க வேண்டும். திரும்பக் கொண்டுவர "ஏடிபி ஷெல் சிஎம்டி பேக்கேஜ் இன்ஸ்டால்-எக்ஸிஸ்டிங்" (adb shell cmd package install-existing) என்று அடித்து அதே பெயர். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி பிசகாமல்.

யூசர் 0 என்பது போனின் முதல் பயனர். ஷாவ்மியின் டூயல் ஆப்ஸுக்கு 999, செகண்ட் ஸ்பேஸுக்கு 10 என்று தனித்தனிப் பயனர் எண்கள் உண்டு. நீக்கிய ஆப் இன்னும் எங்கோ ஓடுவதுபோல் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது

கான்டாவில் பல ஆப்களுக்குப் பக்கத்தில் ரெகமென்டட், அட்வான்ஸ்டு, எக்ஸ்பர்ட், அன்சேஃப் என்ற குறிப்பு இருக்கும். முதல் நாள் ரெகமென்டட் உள்ளவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் நாற்பது ஆப்பை எடுத்துவிட்டு, பிறகு எதனால் ஹாட்ஸ்பாட் வேலை செய்யவில்லை என்று தேடுவது பெரும்பாடு. ஐந்தைந்தாக எடுத்து, போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, கால், எஸ்எம்எஸ், கேமரா, யுபிஐ நான்கையும் சோதித்த பின்பே அடுத்த ஐந்துக்குப் போங்கள்.

பயமில்லாமல் எடுக்கக்கூடியவை: ஃபேஸ்புக்கின் ஆப் மேனேஜர், சர்வீசஸ், ஆப் இன்ஸ்டாலர் மூன்றும் (ஃபேஸ்புக் ஆப்பை நீக்கினாலும் இவை தங்கும்). ஷாவ்மியில் விளம்பரத்துக்கு வேராக இருக்கும் எம்எஸ்ஏ, அனலிடிக்ஸ், கெட்ஆப்ஸ், எம்ஐ பிரவுசர், லாக் ஸ்கிரீன் படங்களைக் கொண்டுவரும் வால்பேப்பர் கேரொசெல். சாம்சங்கில் ஆப்கிளவுட், சாம்சங் ஃப்ரீ, பயன்படுத்தாவிட்டால் பிக்ஸ்பி. எம்எஸ்ஏ ஒன்றை எடுத்தாலே ரெட்மி போனில் வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

தொடவே கூடாதவையும் உண்டு. ஷாவ்மியின் செக்யூரிட்டி ஆப், ஃபைண்ட் டிவைஸ் இரண்டையும் நீக்கினால் போன் லோகோவிலேயே சுற்றிக்கொண்டு நிற்கும். இந்த இரண்டால் முடங்கிய ரெட்மி போன்கள் ஏராளம். கூகுள் பிளே சர்வீசஸ், சிஸ்டம் வெப்வியூ, பேக்கேஜ் இன்ஸ்டாலர், பர்மிஷன் கன்ட்ரோலர், சிஸ்டம் யூஐ, பெயரில் டெலிஃபோனி அல்லது புரொவைடர் என்று வருபவை ஆகியவற்றையும் விட்டுவிடுங்கள். போனோடு வந்த கீபோர்டையும் லாஞ்சரையும் எடுக்கும் முன் வேறொன்றைப் போட்டு, அதையே டிஃபால்ட்டாக வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு பாஸ்வேர்டு அடிக்கக் கீபோர்டே இருக்காது. அப்டேட்டர் ஆப்பை எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எடுத்தால் செக்யூரிட்டி பேட்ச் வராது, விட்டுவிடுங்கள்.

கம்ப்யூட்டர் கிடைத்தால், தொடங்கும் முன்பே அதில் போனை இணைத்து, "இந்தக் கம்ப்யூட்டரை எப்போதும் அனுமதி" என்று டிக் செய்து வையுங்கள். போன் பாதியில் நின்றாலும் ஏடிபி எழுந்திருந்தால் மேலே சொன்ன இன்ஸ்டால்-எக்ஸிஸ்டிங் கட்டளையில் ஆப்பைத் திருப்பிவிடலாம். அது இல்லையென்றால் ரெகவரிக்குப் போய் ஃபேக்டரி ரீசெட் ஒன்றே வழி, போட்டோவெல்லாம் போகும்.

ரூட்தான் வேண்டும் என்றால்

சிஸ்டம் அளவில் விளம்பரத் தடுப்பு, ஆப்களின் டேட்டாவோடு முழு பேக்கப், பேட்டரி சார்ஜ் வரம்பு போன்ற தேவைகளுக்கு ரூட் இன்றும் பொருளுள்ளது. ஆனால் உங்களிடம் ஒரே போன்தான் இருந்து, அதில் சம்பள அக்கவுன்ட்டும் யுபிஐ-யும் இருந்தால் செய்யாதீர்கள். ரூட்டுக்கு முதலில் பூட்லோடரை, அதாவது போன் எழும்போது சிஸ்டத்தை ஏற்றும் பூட்டிய நிரலைத் திறக்க வேண்டும். திறந்ததுமே, போன் மாற்றப்படாததா என்று பார்க்கும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையில் போன் தோற்கத் தொடங்கும், அதை நம்பும் பேங்க் ஆப்கள் திறக்க மறுக்கும். மேஜிஸ்கின் டினைலிஸ்ட் என்ற வசதி ரூட்டை ஓரளவு மறைக்கும். ஆனால் பூட்லோடர் திறந்திருக்கிறது என்ற தகவல் போனின் சிப்புக்குள் இருக்கும் சாவியிலிருந்து வருவதால் அதை முழுதாக மறைக்க முடியாது. இன்று ஓடும் தந்திரம் அடுத்த மாதம் ஓடாமல் போகலாம். சில மாடல்களில் வைட்வைன் என்ற வீடியோ பாதுகாப்புத் தரம் எல்1-லிருந்து எல்3 ஆக இறங்கி, நெட்ஃபிளிக்ஸில் எச்டி போய்விடும்.

முதல் தடை பூட்லோடர். பிக்சலில் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ஓஇஎம் அன்லாக்கிங் ஆன் செய்து, ஃபாஸ்ட்பூட்டில் (கம்ப்யூட்டரிலிருந்து சிஸ்டம் கோப்புகளை ஏற்றுவதற்கான போனின் நிலை) கம்ப்யூட்டரில் "ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷிங் அன்லாக்" (fastboot flashing unlock) அடித்தால் முடிந்தது. மோட்டோரோலாவில் கம்பெனியின் தளத்தில் கோட் வாங்க வேண்டும். ஷாவ்மியில் எம்ஐ அக்கவுன்ட்டை இணைத்து, காத்திருந்து, எம்ஐ அன்லாக் டூலில் திறக்க வேண்டும். ஹைப்பர்ஓஎஸ் போன்களில் அதற்கு முன் ஷாவ்மி கம்யூனிட்டி ஆப்பில் அனுமதியும் வேண்டும். விவோ அதிகாரபூர்வமாக வழியே கொடுப்பதில்லை. சாம்சங்கில் ஒரு தனி ஆபத்து: மாற்றிய ஃபர்ம்வேர் (போனின் சிஸ்டம் சாஃப்ட்வேர்) ஏறிய கணமே நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் ஃபியூஸ் எரிந்து 0x1 ஆகும். அது வன்பொருள், திரும்பாது. செக்யூர் ஃபோல்டர், சாம்சங் பே ரூட்டை எடுத்த பிறகும் வேலை செய்யா.

எந்த போனிலும் பூட்லோடர் திறக்கும்போது உள்ளிருக்கும் எல்லாம் அழியும். வாட்ஸ்அப் பேக்கப், போட்டோ, ஆதென்டிகேட்டர் ஆப்பின் கோடுகள் மூன்றையும் முதலில் வெளியே எடுங்கள். பலர் மறப்பது மூன்றாவதைத்தான்.

அடுத்து, போனில் இப்போது ஓடும் பில்ட் நம்பருக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்தும் ஃபர்ம்வேரை இறக்குங்கள். அதிலிருந்து, போன் எழும்போது முதலில் ஏறும் கோப்பான பூட் இமேஜை எடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 13-ஓடு அல்லது அதற்குப் பின் வந்த போன்கள் பெரும்பாலானவற்றில் இனிட்_பூட் என்ற கோப்பு தனியாக இருக்கும், அப்போது அதுதான் வேண்டியது. ஃபர்ம்வேருக்குள் பேலோட் என்ற ஒரே பெரிய கோப்பு மட்டும் இருந்தால் பேலோட் டம்பர் என்ற கருவியால் பிரிக்கலாம். மாற்றாத அசல் இமேஜை கம்ப்யூட்டரில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உயிர்காக்கும்.

மேஜிஸ்க் ஆப்பை கிட்ஹப்பில் அதை உருவாக்கிய ஜான் வூவின் பக்கத்தில் மட்டும் எடுங்கள். அதே பெயரில் போலித் தளங்கள் பல. ஆப்பில் இன்ஸ்டால், "செலக்ட் அண்ட் பேட்ச் எ ஃபைல்" கொடுத்து இமேஜைக் காட்டினால், டவுன்லோட் ஃபோல்டரில் மேஜிஸ்க்_பேட்ச்டு என்று தொடங்கும் கோப்பு வரும். அதைக் கம்ப்யூட்டருக்கு "ஏடிபி புல்" வழியாக எடுங்கள், எம்டிபி-யில் (கேபிள் இணைத்ததும் ஃபோல்டராகத் திறப்பது) இழுத்துப் போட்டால் கோப்பு சிதைவதுண்டு. பிறகு ஃபாஸ்ட்பூட்டில் "ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷ் பூட்" (அல்லது இனிட்_பூட்), கோப்பின் பெயர், கடைசியில் "ஃபாஸ்ட்பூட் ரீபூட்". சாம்சங்கில் ஃபர்ம்வேரில் உள்ள ஏபி கோப்பை முழுதாக மேஜிஸ்கிடம் கொடுத்து, ஓடின் என்ற கம்ப்யூட்டர் கருவியில் ஏற்ற வேண்டும்.

"வெயிட்டிங் ஃபார் எனி டிவைஸ்" என்றே நின்றால் விண்டோஸ் டிரைவரைப் பாருங்கள், கேபிளை யுஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். ஏற்றிய பின் லோகோவில் சுற்றினாலோ வைஃபை போனாலோ பில்ட் பொருந்தவில்லை என்று பொருள். அசல் இமேஜை அதே கட்டளையில் திருப்பி ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரே க்ளிக்கில் ரூட் என்று விளம்பரம் செய்யும் ஆப்களைப் போடாதீர்கள். அவை பழைய ஆண்ட்ராய்டின் ஓட்டைகளை நம்பியவை, புதிய போனில் வேலை செய்யாது, போனுக்குள் என்ன விதைக்கும் என்பதும் தெரியாது.

ரூட் வந்த பிறகும் சிஸ்டம் ஆப்பை ஃபைல் மேனேஜரில் போய் அழிக்க முயல வேண்டாம். மேஜிஸ்க் மாட்யூல் (மேஜிஸ்கில் சேர்க்கும் கூடுதல் தொகுப்பு) வழியாக மறையுங்கள், அல்லது ஷிசுக்குவை ரூட்டில் ஓட்டி கான்டாவையே பயன்படுத்துங்கள். தவறான மாட்யூலால் பூட்லூப் வந்தால் (போன் லோகோவிலேயே சுற்றினால்) சேஃப் மோடில் ஒருமுறை ஏற்றுங்கள், மேஜிஸ்க் எல்லா மாட்யூலையும் அணைத்துவிடும்.

ரூட்டை எடுப்பது

மாட்யூல்களை முதலில் நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு மேஜிஸ்கில் அன்இன்ஸ்டால் மேஜிஸ்க், கம்ப்ளீட் அன்இன்ஸ்டால். அசல் பூட் இமேஜ் திரும்பி, போன் தானே ரீஸ்டார்ட் ஆகும். ரூட் போய்விட்டது, ஆனால் பூட்லோடர் இன்னும் திறந்தே இருக்கிறது. பேங்க் ஆப் திரும்ப வேண்டும் என்றால் அதையும் பூட்ட வேண்டும், போன்கள் அதிகம் சாவது இந்தப் படியில்தான்.

பூட்டுவதற்கு முன், கம்பெனியின் முழு ஃபர்ம்வேரையும் மறுபடி ஏற்றுங்கள். ஒரே ஒரு பகுதி மாறியிருந்தாலும் பூட்டிய பிறகு போன் "கரப்ட்" என்று சொல்லி நின்றுவிடும். ஏற்றியபின் ஒருமுறை முழுதாக ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, ஃபாஸ்ட்பூட்டில் "ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷிங் லாக்" அடியுங்கள். டேட்டா மறுபடியும் அழியும். ஷாவ்மியில் எம்ஐ ஃப்ளாஷ் கருவியின் அடியில் "கிளீன் ஆல் அண்ட் லாக்" தானாகவே தேர்வாகியிருக்கும். சீனாவுக்கென்று செய்த போனில் குளோபல் ரோம் ஏற்றி இதோடு ஃப்ளாஷ் செய்தால் போன் எழாது. முதலில் "கிளீன் ஆல்" மட்டும் தேர்ந்தெடுங்கள்.

பூட்டி முடித்ததும் பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் அபவுட் பகுதியில் "டிவைஸ் இஸ் சர்டிஃபைடு" என்று வருகிறதா பாருங்கள். ஓஇஎம் அன்லாக்கிங் சுவிட்சை அதுவரை ஆனிலேயே வைத்திருங்கள். பூட்டிய போன் எழாவிட்டால் மறுபடி திறக்க அது ஒன்றுதான் வழி. எல்லாம் சரியாக ஓடி, பேங்க் ஆப்பும் திறந்த பிறகு அதை ஆஃப் செய்யலாம்.