வென்படக் கணக்கு: உள்ளேயிருந்து வெளியே வாருங்கள்

டீ குடிப்பவர் இத்தனை, காபி குடிப்பவர் இத்தனை, இரண்டும் குடிப்பவர் எத்தனை? ஒன்பதாம் வகுப்பு 'கண மொழி' பாடத்தில் பார்த்த இந்தக் கணக்கு போட்டித் தேர்வுகளிலும் வரும், சூத்திரம் மனப்பாடமாக இருந்தும் பலர் இதில் மதிப்பெண்ணை விடுகிறார்கள், காரணம் 'மட்டும்' என்ற சொல்லைக் கவனிக்காமல் தாண்டிப் போவதுதான்.

100 பேரில் டீ குடிப்பவர் 65, காபி குடிப்பவர் 50, இரண்டும் தொடாதவர் 15 என்று வைத்துக்கொள்வோம். முதலில் அந்த 15 பேரை ஒதுக்குங்கள், மீதி 85. ஆனால் 65-ஐயும் 50-ஐயும் கூட்டினால் 115 வருகிறது. அதிகமாக வந்த அந்த 30 பேர்தான் இரண்டும் குடிப்பவர்கள், அவர்களை இரண்டு தடவை எண்ணிவிட்டோம். அப்புறம் டீ மட்டும் 35, காபி மட்டும் 20. நான்கையும் கூட்டினால் 100 வர வேண்டும், வருகிறது. இந்தச் சரிபார்ப்பைத் தேர்வு அறையிலும் விடாதீர்கள். கேள்வியில் சதவீதம் மட்டும் இருந்தால், மொத்தத்தை 100 என்று எடுத்துக்கொண்டு இதே மாதிரி போடலாம்.

மூன்று கணம் (குழு) வந்தால் வென்படம், அதாவது ஒவ்வொரு குழுவையும் ஒன்றையொன்று வெட்டும் வட்டமாகக் காட்டும் படம், வரைந்தே ஆக வேண்டும். 120 மாணவர்களில் கிரிக்கெட் 60, கபடி 50, வாலிபால் 40, கிரிக்கெட்டும் கபடியும் 20, கபடியும் வாலிபாலும் 15, கிரிக்கெட்டும் வாலிபாலும் 18, மூன்றும் 10. நடுவில் முதலில் 10 எழுதுங்கள். இந்த 20, 15, 18 மூன்றிலும் அந்த 10 பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள், அதனால் அந்த இடங்களில் எழுத வேண்டியது 10, 5, 8. இதை மறந்து அப்படியே 20, 15, 18 என்று எழுதினால் அதற்குப் பிறகு எந்த எண்ணும் சரியாக வராது. பிறகு கிரிக்கெட் மட்டும் 60-லிருந்து 10, 8, 10 போக 32; அதே வழியில் கபடி மட்டும் 25, வாலிபால் மட்டும் 17. எல்லாம் கூட்டினால் 107, எதுவும் ஆடாதவர் 13.

'சரியாக இரண்டு' என்று கேட்டால் 23, 'குறைந்தது இரண்டு' என்றால் மூன்றும் ஆடுபவர்களும் சேர்ந்து 33. விடைத் தெரிவுகளில் இரண்டுமே இருக்கலாம்.

இன்னொரு வகை: 100 பேரில் 65 டீ, 50 காபி, எதுவும் குடிக்காதவர் பற்றிப் பேச்சே இல்லை, இரண்டும் குடிப்பவர் குறைந்தபட்சம் எத்தனை, அதிகபட்சம் எத்தனை? 115-லிருந்து 100 போக 15 பேராவது இருந்தே தீர வேண்டும். காபி குடிக்கும் 50 பேரும் டீயும் குடிப்பவர்களாக இருந்தால் அதிகபட்சம் 50.