24 பிள்ளைகளோடு பத்மநாபபுரம் அரண்மனைக்கு: முதலில் செருப்புக்கு வழி பாருங்கள்

எங்கள் தெரு நூலகத்துக்குச் சனிக்கிழமைதோறும் வரும் பிள்ளைகளை இதுவரை மூன்று முறை பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும், திருவிதாங்கூர் அரசர்களின் பழைய மர அரண்மனை அது. முதல் முறை நாய் படாத பாடு பட்டேன். இரண்டாம் முறை ஒருவாறு சமாளித்தேன். மூன்றாம் முறைதான் நானும் நின்று அரண்மனையைப் பார்த்தேன். புதிதாகக் கிளம்புகிறவர்கள் நேராக என் மூன்றாம் முறையிலிருந்து தொடங்கட்டும் என்றுதான் இந்தப் பதிவு.

படி 1: ஆள்கணக்கு

ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். இதில் பேரம் வேண்டாம். உள்ளே மரப்படிகள் குறுகலானவை, செங்குத்தானவை. ஆறு வயதுக்குக் கீழே கூட்டிப் போக வேண்டாம் என்பது என் கட்சி. முட்டுவலி உள்ள பாட்டியைத் துணைக்கு அழைத்தால் அவரையும் சேர்த்து நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

படி 2: நேரம்

நாகர்கோவிலிலிருந்து காலை 8 மணிக்கு வேன். 9 மணிக்குக் கதவு திறக்கும்போது நாம் தக்கலையைத் தாண்டி அரண்மனை வாசலில் இருக்க வேண்டும். மதியம் 1 மணிக்குச் சாப்பாட்டு இடைவேளைக்கு மூடிவிடுவார்கள். ஆனால் நான் 11.30 மணிக்கே பிள்ளைகளை வெளியே கொண்டுவந்துவிடுவேன். உச்சிவெயிலில் முற்றத்துக் கல் அடுப்பில் வைத்த தோசைக்கல்தான். எல்லோரும் வெறுங்காலில் இருப்பார்கள் என்பதை மறக்கக் கூடாது.

படி 3: செருப்பு

என் முதல் பயணம் கவிழ்ந்தது இங்கேதான். அரண்மனைக்குள் காலணி போட்டு நடக்க முடியாது, நுழைவிலேயே கழற்றிவிட வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், கூட்டத்தில் காணாமல் போகக் கூடாதே என்று எல்லோரையும் பள்ளிச் சீருடையில் வரச்சொல்லியிருந்தேன். சீருடை என்றால் கறுப்பு ஷூ. 24 ஜோடி கறுப்பு ஷூ. அதே நேரத்தில் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸும் வந்து நின்றது. அவர்களுக்கும் கறுப்பு ஷூ.

திரும்பி வந்து பார்த்தால் குவியல் மலையாகக் கிடந்தது. முக்கால் மணிநேரம் பொறுக்கினோம். பிள்ளைகள் வெறுங்காலோடே வேனில் ஏறி, ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார்கள். ஒருவன் இரண்டு இடதுகால் ஷூவோடும் இன்னொருவன் இரண்டு வலதுகால் ஷூவோடும் வீடு போய்ச் சேர்ந்த விஷயம் இரவு எனக்கு வந்த இரண்டு தொலைபேசி அழைப்புகளில்தான் தெரிந்தது.

இப்போது செய்வது இது: எல்லோரும் ரப்பர் செருப்பு மட்டும். ஒவ்வொரு ஜோடியையும் துணி காயப்போடும் கிளிப்பால் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஆறு பேருக்கு ஒரு பழைய அரிசிச் சாக்கு, சாக்கின் வாயில் ஒரு நிற ரிப்பன். பிளாஸ்டிக் பை கிழிந்துவிடும், நம்பாதீர்கள். ரப்பர் பேண்டும் சரிப்படாது, பாதி வழியில் பிள்ளைகள் அதை அம்பாக்கிவிடுவார்கள்.

காலுறையும் கூடாது. ஷூவைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு ஓடிய ஒரு சிறுமி அந்த வழுவழுத் தரையில் சறுக்கிக்கொண்டே போய்த் தூணைக் கட்டிப்பிடித்து நின்றாள். அவளுக்குக் கொண்டாட்டம், எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது.

படி 4: உள்ளே

உள்ளே போக ஒரு வழி, வெளியே வர வேறு வழி. கூட்டத்துக்கு எதிராகத் திரும்பி நடக்க முடியாது. ஆகவே கழிப்பறை வேலையை டிக்கெட் வாங்கும் முன்பே முடித்துவிடுங்கள். "எனக்கு வரவில்லை அக்கா" என்று சொல்பவனைத்தான் முதலில் அனுப்ப வேண்டும்.

முதலில் வருவது பூமுகம், அதாவது முகப்பு மண்டபம். பலரும் இங்கே இரண்டு நிமிடம்கூட நிற்பதில்லை. நான் பத்து நிமிடம் நிறுத்துவேன். தலைக்குமேல் மரக்கூரையில் செதுக்கிய பூக்கள் இருக்கின்றன. 90 வகை என்பார்கள். எண்ணச் சொல்லாதீர்கள், சண்டை வரும். ஆளுக்கு ஒரு பூவை மனதில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். குதிரைவீரன் வடிவில் தொங்கும் விளக்கையும் இங்கேயே காட்டிவிடுங்கள்.

மேலே மந்திரசாலை. அரசர் அமைச்சர்களோடு கூடிய இடம். சன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் நிறமிட்ட மைக்கா. வெளியே கொதித்தாலும் உள்ளே குளிர்ச்சி. இங்கே நான் வாய் திறப்பதில்லை, தரையைக் காலால் தடவிப் பார்க்கச் சொல்வேன். சுண்ணாம்பு, எரித்த தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து மெழுகிய தரை என்று அதன் பிறகுதான் சொல்வேன். உடனே ஒருவன் குப்புறப் படுத்து மோந்து பார்த்தான். முட்டை நாற்றம் இல்லை என்று மற்றவர்களுக்கு அறிவித்தான். அதன் பின் என் விளக்கத்தை யாரும் கேட்கவில்லை, எல்லோரும் மோந்துகொண்டிருந்தார்கள்.

ஊட்டுப்புரை என்ற சாப்பாட்டுக் கூடத்தில் கீழே 1,000, மேலே 1,000 என்று ஒரே நேரத்தில் 2,000 பேர் பந்தியில் உட்காரலாம். எத்தனை இலை, எத்தனை வாளி சாம்பார் என்ற கணக்கை அவர்களிடமே விட்டுவிடுங்கள். உப்பரிகை மாளிகையில் 64 வகை மூலிகை மரத்தால் செய்ததாகச் சொல்லும் கட்டில் இருக்கிறது. தொடாமல் நிற்கவைப்பது உங்கள் சாமர்த்தியம். அரண்மனையின் மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தில் சுரங்கப்பாதை பற்றிய கேள்வி கட்டாயம் வரும். உள்ளே இறங்க முடியாது என்பதை வேனிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு சின்ன டார்ச் கைவசம் இருக்கட்டும், இடைவழிகள் இருட்டு. தொலைபேசி விளக்கு வேண்டாம். அதை எடுத்தால் அடுத்து படம் எடுப்பீர்கள், அதற்குள் இரண்டு பிள்ளைகள் அடுத்த கட்டுக்குப் போயிருப்பார்கள். விசிலும் வேண்டாம். மரவீட்டுக்குள் விசில் ஊதுவது அநாகரிகம்.

படி 5: சோறும் படமும்

கேள்வித்தாள் அச்சடித்துக் கொடுக்கிற ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்துக் காப்பி அடிக்கிறார்கள், வீட்டைப் பார்ப்பதில்லை. நான் உள்ளே காகிதமே கொடுப்பதில்லை. வெளியே வந்ததும் பக்கத்தில் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குப் போய்விடுவோம். மரநிழலில் புளிச்சோறு. பிறகு பென்சிலும் தாளும் கொடுத்து, மனதில் பிடித்து வைத்த பூவை வரையச் சொல்வேன்.

அங்கேதான் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741 குளச்சல் போரில் தோற்ற டச்சுத் தளபதி, பிறகு தன்னைத் தோற்கடித்த திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்தவர். கல்லறையில் லத்தீனும் தமிழும் சேர்ந்து இருக்கும். "தோற்கடித்தவரிடமே வேலைக்குச் சேர்ந்தாரா?" என்று கேட்ட சிறுவனுக்கு இன்னும் நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

சேர்க்கை 1: மதுரையிலிருந்து ஒரு வாசகி 30 பிள்ளைகளோடு திங்கட்கிழமை போய் மூடிய கதவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். திங்கள் விடுமுறை. எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் எழுதாமல் விட்டேன், மன்னிக்கவும்.

சேர்க்கை 2: "தமிழ்நாட்டில் இருக்கிற அரண்மனையில் ஏன் மலையாளப் பலகை என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். 1795 வரை இது திருவிதாங்கூரின் தலைநகரம். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அரண்மனையின் பராமரிப்பு மட்டும் கேரள அரசிடமே இருந்துவிட்டது. இதை வேனிலேயே சொல்லிவிட்டால் வாசலில் ஐந்து நிமிடம் மிச்சம்.

சேர்க்கை 3: செருப்பு ஜோடியைப் பிடிக்கும் கிளிப் மரக் கிளிப்பாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கிளிப் தடித்த செருப்பில் உடைகிறது என்று இரண்டு பேர் எழுதிவிட்டார்கள்.