பாதியில் நின்ற ரெக்கார்டிங்: திறக்காத வீடியோவை மீட்கும் வழி

பேட்டரி தீர்ந்து கேமரா அணைந்துவிட்டது. கார்டைக் கணினியில் செருகிப் பார்த்தால் கோப்பு இருக்கிறது, அளவும் 6 ஜிபி காட்டுகிறது, ஆனால் எந்த பிளேயரிலும் ஓடவில்லை. "எல்லாம் போச்சு" என்று பலர் கார்டை ஃபார்மட் செய்வது இந்த இடத்தில்தான். தயவுசெய்து செய்யாதீர்கள். அளவு சரியாக இருந்தால், பிடித்த படம் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கிறது.

எம்பி4, எம்ஓவி கோப்புகளுக்குள் முக்கியமாக இரண்டு பகுதிகள் உண்டு. 'எம்டாட்' என்பதில் படமும் ஒலியும் இருக்கும். 'மூவ்' என்பது அட்டவணை: எந்த ஃபிரேம் (வீடியோவின் ஒரு தனிப் படம்) எங்கே தொடங்குகிறது, அதன் நீளம் என்ன, எந்த கோடெக் (வீடியோவைச் சுருக்கி எழுதும் முறை) என்ற விவரமெல்லாம் அதில்தான். பல கேமராக்கள் முதலாவதை உடனுக்குடன் எழுதும். அட்டவணையை நிறுத்தும் பொத்தானை அழுத்திய பிறகே எழுதும். நடுவில் மின்சாரம் போனால் அட்டவணை இல்லை. நாம் செய்யப்போவது அதைத் திரும்பக் கட்டுவதுதான்.

படி 1: கார்டைத் தொடாதீர்கள்

அதில் புதிதாக எதையும் பதிவு செய்யக் கூடாது. எஸ்டி கார்டின் பக்கவாட்டில் பூட்டு இருந்தால் போட்டுவிடுங்கள். கோப்பைக் கணினிக்கு நகலெடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். சில ஆக்‌ஷன் கேமராக்கள், அதே கார்டோடு மறுபடி ஆன் செய்தால் தாங்களே சரிசெய்யப் பார்க்கும். அதையும் நகல் எடுத்த பிறகு, பூட்டைத் திறந்து முயலலாம்.

படி 2: அளவையும் வகையையும் பாருங்கள்

அளவு 0 என்றால் வேலை வேறு. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் கார்டை அலசி, கிடைப்பதை வேறொரு டிஸ்க்கில் சேமியுங்கள். கோப்பு எம்கேவி வகை என்றால் நிம்மதி: அது துண்டு துண்டாக எழுதப்படுவதால் பாதியில் நின்றாலும் விஎல்சி பிளேயரில் பெரும்பாலும் ஓடிவிடும். எம்பி4 என்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளில் திறந்து பாருங்கள். 'மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்' (moov atom not found), அதாவது அட்டவணை இல்லை என்று சொன்னால் நமக்கு வேண்டிய நோய் இதுதான்.

படி 3: மாதிரிக் கோப்பு ஒன்று தயார் செய்யுங்கள்

முயற்சி தோற்பது பெரும்பாலும் இங்கேதான், அதனால் நிதானமாகச் செய்யுங்கள். அதே கேமராவில், அதே ரெசல்யூஷன், அதே ஃபிரேம் ரேட், அதே கோடெக்கில் ஓரிரு நிமிடம் வேறொரு கார்டில் பதிவு செய்து, முறையாக நிறுத்துங்கள். உடைந்தது 4கே 30 ஃபிரேம் என்றால் மாதிரியும் அதுவே. ஹெச்.264 கோடெக்கில் பிடித்ததற்கு ஹெச்.265 கோடெக் மாதிரி கொடுத்தால் குப்பைதான் வரும். ஒலி அமைப்பும் பொருந்த வேண்டும். வெளி மைக் வைத்திருந்தீர்களா என்பதுகூட நினைவில் இருக்கட்டும். அன்றே, அதே அமைப்பில் பிடித்த வேறு நல்ல கோப்பு இருந்தால் அதைவிடச் சிறந்த மாதிரி இல்லை.

படி 4: அன்ட்ரங்க்

இது இலவச, திறந்த மூல மென்பொருள். மாதிரியின் அமைப்பைப் படித்து, உடைந்த கோப்பில் ஃபிரேம்களைத் தேடி, அட்டவணையை எழுதித் தரும். கமாண்ட் தட்டச்சு செய்துதான் இதை இயக்க வேண்டும், அதில் வரிசை முக்கியம்: மென்பொருளின் பெயர், அடுத்து நல்ல கோப்பு, கடைசியில் உடைந்த கோப்பு. பலரும் மாற்றிப் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள். மீட்ட வீடியோ தனிக் கோப்பாக வரும். பழையது அப்படியே இருக்கும்.

படி 5: முழுதும் ஓட்டிப் பாருங்கள்

முதல் நிமிடத்தை மட்டும் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். நடுவிலும் முடிவிலும் உதடும் ஒலியும் சேர்கின்றனவா என்று பாருங்கள். கடைசிச் சில நொடிகள் கார்டில் எழுதப்படும் முன்பே மின்சாரம் போயிருந்தால் அவை திரும்பாது. கட்டண மென்பொருளை நாடுவதானால், மீட்ட காட்சியை முன்னோட்டமாகக் காட்டிய பிறகே பணம் கட்டுங்கள். எல்லாம் சரியாக ஓடி, இன்னொரு டிஸ்க்கிலும் நகல் வைத்த பிறகு கார்டை ஃபார்மட் செய்யலாம்.