யூபிவிசி ஜன்னல் கீல் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளைக் கவனிக்கிறேன். எங்கள் செட்டு ஆட்கள் அந்தக் காலத்தில் எங்கெங்கே சறுக்கினார்களோ, அதே இடத்தில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். வீடியோ பார்த்து வீட்டிலேயே மாற்றிக்கொள்பவர்களும் அப்படித்தான். ஸ்குரூவைத் தவறவிடுவது, இடது வலது மாற்றிப் பூட்டுவது போன்றவற்றை நான் எழுதப் போவதில்லை. அவை செய்த மறுநிமிடமே தெரிந்துவிடும். மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் இருந்து, பிறகு காசைக் கரைக்கிற தவறுகள் சில உண்டு. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

யூபிவிசி என்பது கெட்டியான பிளாஸ்டிக். அதில் செய்த, பக்கவாட்டில் வெளிப்புறமாகத் திறக்கும் கேஸ்மெண்ட் ஜன்னலில் இருப்பது வீட்டுக் கதவுக் கீல் அல்ல. பிரிக்‌ஷன் ஸ்டே என்று கடையில் கேட்பீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகள் ரிவெட்டில் மடங்கும். ஒரு ஸ்லைடர் தடத்தில் இறுக்கமாக ஓடும். அந்த இறுக்கம்தான் ஜன்னலைத் திறந்த இடத்திலேயே நிறுத்துகிறது. ஜன்னல் கதவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று இருக்கும். மூடினால் இரண்டும் கண்ணுக்குத் தெரியாது.

தொங்கினாலே கீல்தான் என்று முடிவு கட்டுவது

கைப்பிடிப் பக்கத்துக் கீழ் மூலை பிரேமில் உரசினால் உடனே கீல் வாங்க ஓடுகிறார்கள். முதலில் ஜன்னலைத் திறந்து, அந்த மூலையைக் கையால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். ரிவெட் இருக்கும் இடத்தில் 'டக்' என்று ஆடினால் கீல் தேய்ந்துவிட்டது. ஸ்லைடர் தடத்தில் தொளதொளவென்று ஓடினாலும், கீலின் கூர்முனை போய் உட்காரும் பிளாஸ்டிக் மூடி உடைந்திருந்தாலும் அதே முடிவுதான்.

கீல் அசையாமல் உறுதியாக இருந்தும் கதவு தொங்குகிறதா? மூலைக்கு மூலை டேப் வைத்து அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒத்துப்போகாவிட்டால் பிரச்சினை கண்ணாடியில் இருக்கிறது. யூபிவிசி கதவைக் கோணாமல் நிறுத்துவது கண்ணாடிதான். கீல் பக்கக் கீழ் மூலையிலும் கைப்பிடிப் பக்க மேல் மூலையிலும் சின்னப் பிளாஸ்டிக் கட்டைகளைச் செருகி, கதவின் எடையைக் கீழ்க் கீலுக்கு இறக்குவார்கள். கட்டை நழுவினால் கதவு சாயும். பீடிங்கை, அதாவது கண்ணாடியைப் பிடித்திருக்கும் ஓரப் பட்டையை, கழற்றிக் கட்டையைச் சரியாக வைத்தால் போதும். கீலை மாற்றினால் கொஞ்ச நாள் சரியாக இருக்கும், அப்புறம் பழையபடி உரசும்.

நீளத்தை மட்டும் பார்த்து வாங்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. ஹார்ட்வேர் கடைக்குப் போய் "12 இன்ச் கீல் ஒரு ஜோடி" என்று கேட்பார்கள், கடைக்காரரும் எடுத்துக் கொடுப்பார். நீளம் சரிதான். ஆனால் கீலை மடக்கி மேசையில் வைத்தால் அது எவ்வளவு உயரம் நிற்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. யூபிவிசி ஜன்னலுக்குப் பெரும்பாலும் இரண்டு உயரங்கள் வருகின்றன: 13 மில்லிமீட்டர், 17 மில்லிமீட்டர். கதவுக்கும் பிரேமுக்கும் நடுவே கீல் உட்காரும் இடைவெளிக்கு ஏற்ற உயரம் வேண்டும். கடையில் தொங்கும்போது இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், வித்தியாசம் தெரியாது.

பினாங்கில் தஞ்சோங் தொக்கோங் பக்கம் கடலைப் பார்த்த ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். "தம்பி, புதுக் கீல் போட்ட பிறகுதான் தண்ணியே வருது, அதுக்கு முந்தி வரலை" என்றார். ஜன்னலின் உள்பக்க மேல் விளிம்பில் சிலிகோன் அப்பியிருந்தது, ஒன்றின் மேல் ஒன்றாக. கட்டில் ஓரத்தில் மரத்தளம் உப்பிப்போய்ப் பலகையின் இணைப்பு வாய் பிளந்திருந்தது. ஜன்னலைத் திறந்து பார்த்தால், மேல் கீலுக்கும் பிரேமுக்கும் நடுவே வாஷர்களை அடுக்கி ஸ்குரூ போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. கீலைக் கழற்றிக் காலிப்பர் வைத்து உயரத்தை அளந்தேன், 13. இடைவெளி 17.

கீழ்க் கீல் 4 மில்லிமீட்டர் குட்டை என்றால் கதவு முழுவதுமே 4 மில்லிமீட்டர் இறங்கி உட்காரும். மேலே ரப்பரின் மீது படிய வேண்டிய விளிம்பு அந்த அளவுக்கு விலகும். அங்கே படிவதே சில மில்லிமீட்டர்தான். அதில் 4 போனால் மழைக்கு வழி திறந்துவிட்ட மாதிரி. மேல் கீல் எட்டாது, அதனால்தான் வாஷர். தண்ணீர் வந்ததும் சிலிகோன், சிலிகோன் பிய்ந்ததும் இன்னொரு சுற்று. கீலுக்குச் செலவானது கொஞ்சம்தான். தளத்தை மாற்ற அந்த அம்மா கொடுத்தது பல மடங்கு வெள்ளி (ரிங்கிட்). போட்டுவிட்டுப் போன ஆள் ரப்பரைக் குறை சொல்லி ரப்பரையும் மாற்றச் சொல்லியிருக்கிறார்! வேண்டியது 17 மில்லிமீட்டர் கீல் ஒரு ஜோடி, அவ்வளவுதான்.

நேர்மாறாகவும் நடக்கும். 13 வேண்டிய இடத்தில் 17 போட்டால் கதவு உள்ளே போகவே மறுக்கும். கைப்பிடியைப் பலமாகத் திருகி மூடுவார்கள். கதவுக்குள்ளே இருக்கும் பூட்டுப் பற்கள் அந்தச் சுமைக்குச் செய்ததல்ல. ஒருநாள் உடையும், அதுவும் ஜன்னல் மூடியிருக்கும்போது. பிறகு திறப்பதற்கே தனிக் கூலி. பிரேமை உளியால் சீவி இடம் பண்ணியதையும் பார்த்திருக்கிறேன். அதைத் திரும்ப ஒட்ட முடியாது.

எனவே கடைக்குப் போகும் முன் ஒரு கீலைக் கழற்றி, முழுவதும் மடக்கி, தட்டையான இடத்தில் வைத்து அடியிலிருந்து உச்சிவரை அளந்துகொள்ளுங்கள். பழைய கீல் வளைந்திருந்தால் அந்த அளவு ஏமாற்றும். கதவுக்கும் பிரேமுக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் அளந்து இரண்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள். மேலிருந்து தொங்கித் திறக்கும் ஜன்னலுக்கு வேறு வகைக் கீல், அதையும் கடையில் சொல்லிவிடுங்கள். பூட்டும்போது ஸ்குரூத் தலை தகட்டுக்கு மேலே துருத்தவே கூடாது. துருத்தினால் கீல் முழுவதும் மடங்காது. சரியான கீல் வாங்கியும் தப்பான உயரத்தில் போய் நிற்பீர்கள்.

ஸ்லைடருக்கு எண்ணெய் விடுவது

இறுக்கமாக இருக்கிறதே என்று ஸ்பிரே அடிப்பார்கள். இறுக்கம்தான் அதன் வேலை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்திராப் பக்கமிருந்து விடியற்காலையில் திடீரென்று காற்றும் மழையும் அடித்து வரும். எண்ணெய் விட்ட ஜன்னல் அதில் படார் படாரென்று அடித்துக்கொள்ளும். ரிவெட்டில் ஒரு சொட்டு விடலாம். தடத்தைத் துணியால் துடைத்தால் போதும். பல கீல்களில் ஸ்லைடரிலேயே ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். ஜன்னல் நிற்காவிட்டால் அதைக் கொஞ்சம் முடுக்குங்கள்.

ஒன்றை மட்டும் மாற்றுவது

ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

கடலோரத்தில் மலிவுக் கீல்

கடையில் காந்தம் வைத்துப் பாருங்கள். நன்றாகப் பிடித்தால் 430 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கும். 304 ரகத்தில் பெரும்பாலும் ஒட்டாது, ஒட்டினாலும் லேசாகத்தான். கடலை விட்டுத் தள்ளி, ஆயர் ஈத்தாம் மாதிரி இடத்தில் 430 சமாளிக்கும். கர்னி டிரைவிலோ பத்து பெரிங்கியிலோ உப்புக்காற்று நேராக அடிக்கிற வீட்டுக்கு 304-க்குக் கீழே போகாதீர்கள், 316 கிடைத்தால் இன்னும் நல்லது. அப்புறம், நல்ல கீல் வாங்கிவிட்டு துத்தநாகப் பூச்சு ஸ்குரூ போடுவது பெரிய அநியாயம். ஸ்டெயின்லெஸ்ஸோடு சேர்ந்த இடத்தில் அந்த ஸ்குரூதான் முதலில் அரித்துப்போகும். கீல் பளபளவென்று இருக்க, ஸ்குரூத் தலை மட்டும் துருவாக உதிரும்.

தளர்ந்த ஓட்டையில் தீக்குச்சி

மரக்கதவுக்குச் செய்யும் வேலை இது. பிளாஸ்டிக்கில் பிடிக்காது. புதுக் கீலின் ஓட்டைகள் பழைய இடத்துக்கு நேராக வராதபடி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே இரும்புச் சட்டம் இருந்தால் அதைக் கடித்துப் பிடிக்கிற ஸ்குரூவைப் போடுங்கள்.

மாடியில் தனியாகக் கழற்றுவது

வேண்டாம். கடைசி ஸ்குரூ கழன்றதும் கண்ணாடியோடு முழு எடையும் கட்டடத்துக்கு வெளியே போகும். பிடிக்க இன்னொருவர், கதவை உள்ளே கட்டி வைக்க ஒரு பெல்ட், கீழே ஆள் நடமாட்டத்தைத் தடுக்க ஒருவர். அடுக்குமாடி மேனேஜ்மெண்ட் ஆபீஸில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் கீழே தடுப்பு வைக்க உதவுவார்கள்.