பிறந்த குழந்தைக்குப் பால்மா கரைப்பது எப்படி: தண்ணீர், அளவு, போத்தல்

தாய்ப்பாலுக்கு ஈடாக ஒன்றும் இல்லை. கொடுக்க முடிந்த தாய் அதைத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் தாயை இழந்த பிள்ளை, தத்தெடுத்த பிள்ளை, புற்றுநோய் மருந்து எடுக்கும் தாயின் பிள்ளை என்று முதல் நாளிலிருந்தே பால்மாவில் வளர வேண்டிய குழந்தைகளும் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் பாலைச் சரியாகக் கரைக்கத் தெரிந்திருப்பதுதான் பிள்ளையைக் காக்கும்.

டின் வாங்குமுன் ஒரு விடயம். பிள்ளை பிறந்து முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால் கொஞ்சமாகத்தான் சுரக்கும். அதைப் பார்த்து “பால் இல்லை” என்று முடிவு கட்டி பாமசிக்கு ஓட வேண்டாம். வார்ட்டில் தாதியிடமோ, வீட்டுக்கு வரும் மிட்வைஃபிடமோ பிள்ளை வாய் வைக்கும் விதத்தைக் காட்டிக் கேளுங்கள். பால்மாதான் என்று வைத்தியர் சொன்னால் கீழே உள்ளபடி செய்யுங்கள். மாதம் நிறையாமலோ இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த பிள்ளைக்கு இந்த அளவுகள் பொருந்தாது. அதற்கு வைத்தியர் தரும் அளவே அளவு.

எந்த டின்

பிறப்பிலிருந்து ஆறு மாதம் வரைக்கும் என்று எழுதிய, 1 என்று இலக்கமிட்ட டின்னை வாங்குங்கள். விலை கூடிய டின்னில் சத்தும் கூட என்று எண்ண வேண்டாம். நாங்கள் தேநீருக்குப் போடும் முழு ஆடைப் பால்மா, பசுப்பால், எருமைப்பால் எதையும் ஒரு வயதுக்கு முன் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது. அவற்றில் புரதமும் உப்பும் பிஞ்சுச் சிறுநீரகம் தாங்காத அளவுக்கு இருக்கும், இரும்புச்சத்தோ போதாது.

முடிவுத் திகதியைப் பாருங்கள். நசுங்கிய டின் வேண்டாம். உடைத்த நாளைப் பேனையால் டின்னிலேயே எழுதி விடுங்கள். பெரும்பாலான டின்களை உடைத்து நான்கு கிழமைக்குள் முடிக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மா ஈரம் இழுக்கும், உலர்ந்த அலுமாரியே போதும்.

தண்ணீர்

எங்கள் கரையோரம் மணல் நிலம், கிணறுகள் ஆழமில்லை. தோட்டத்துக்குப் போடும் யூரியாவிலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் நைத்திரேற்று சுலபமாகக் கிணற்றில் இறங்கும். பெரியவருக்கு அது தெரியாமலே போய்விடலாம். கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அது குறைத்துவிடும், உதடும் நகமும் நீலம் பூக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். ஆகவே குழாய்த் தண்ணீர் வரும் வீட்டில் அதையே பாவியுங்கள். கிணறுதான் வழி என்றால், தோட்டத்துக்கோ குழிக்கோ பக்கத்துக் கிணற்றை விட்டுவிட்டு, எது பாதுகாப்பு என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். போத்தல் தண்ணீர் வாங்கினாலும் கொதிக்க வைத்தே ஆக வேண்டும்.

போத்தல் அவித்தல்

பால் குடித்து முடிந்ததும் போத்தலையும் சூப்பியையும் கழற்றி, சவர்க்காரம் போட்டுப் பிரஷ்ஷால் தேயுங்கள். சூப்பியை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிக் கழுவுங்கள். பால் ஆடை ஒட்டிக் கிடக்கும் இடம் அந்த விளிம்புதான், அது போகாமல் எவ்வளவு அவித்தும் பயனில்லை. பிறகு ஒரு பானையில் எல்லாம் மூழ்கும்படி, காற்றுக் குமிழி உள்ளே நிற்காமல் வைத்து, தளதளவெனக் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து பத்து நிமிடம் அவியுங்கள். தேவைப்படும் வரை மூடியபடியே வையுங்கள். துணியால் துடைக்க வேண்டாம்.

எங்களைக் கேட்டால் முதல் கிழமைகளுக்குப் போத்தலைவிடச் சிறிய கோப்பையே மேல். மூலை முடுக்கு இல்லை, கழுவ எளிது. பிள்ளையை மடியில் நிமிர்த்தி இருத்தி, கோப்பையின் விளிம்பைக் கீழுதட்டில் மெல்ல வைத்து, பால் மேலுதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சரியுங்கள். பிள்ளை நாக்கை நீட்டி நக்கும், பிறகு உறிஞ்சும். வாய்க்குள் ஊற்றக் கூடாது, புரையேறும்.

கரைத்தல்

பால்மா டின் கிருமியற்றது அல்ல. மூடி உடைக்காத டின்னிலும் குரோனோபக்டர் போன்ற கிருமி இருக்கலாம். பிறந்த பிள்ளைக்கு அது மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோகும். ஆகவேதான் 70 பாகை செல்சியஸுக்குக் குறையாத சுடுதண்ணீரில் கரைக்கும்படி உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. சில டின்களில் ஆறவைத்த தண்ணீரில் கரைக்கச் சொல்லி எழுதியிருக்கும். முதல் இரண்டு மாதமாவது சூடாகவே கரைப்பது நல்லது.

1. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கேத்தலில் ஒரு லீற்றருக்குக் குறையாமல் புதுத் தண்ணீர் கொதிக்க வையுங்கள். இறக்கி அரை மணிக்குள் பாவியுங்கள், அதற்குமேல் போனால் 70 பாகைக்குக் கீழே இறங்கிவிடும்.

2. முதலில் தண்ணீர், பிறகு மா. போத்தலை மேசையில் வைத்து, கண் மட்டத்தில் குனிந்து பார்த்து 60 மில்லிலீற்றர் கோடு வரை ஊற்றுங்கள். மாவை முதலில் போட்டு அதே கோடு வரை தண்ணீர் விட்டால் மா இடம்பிடிக்கும், தண்ணீர் குறையும், பால் தடித்துவிடும்.

3. அந்த டின்னோடு வந்த கரண்டியால் மட்டும் அளவுங்கள். அமுக்காமல் அள்ளி, சுத்தமான கத்தியின் முதுகால் மட்டமாக வழியுங்கள். பெரும்பாலான டின்களில் 30 மில்லிலீற்றருக்கு ஒரு கரண்டி. உங்கள் டின்னில் உள்ளதைப் படித்து உறுதி செய்யுங்கள்.

4. மூடிச் சுழற்றிக் கரையுங்கள். மூடிக்குக் கீழே நிற்கும்படி குளிர்தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்து ஆற்றுங்கள். மணிக்கட்டின் உட்புறம் ஒரு சொட்டு விட்டால் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது.

டின் விலைக்குப் பயந்து ஒரு கரண்டி குறைத்துப் போடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான பழக்கம். பார்வைக்குப் பால் வெள்ளையாகத்தான் இருக்கும், பிள்ளையும் வயிறு நிறையக் குடிக்கும். ஆனால் நிறை ஏறாது, இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரலாம். “பிள்ளைக்குக் காணாது” என்று கூடப் போட்டால் மலச்சிக்கலும் நீரிழப்பும் வரும். டின் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் ஒளிக்காமல் மிட்வைஃபிடமோ வைத்தியரிடமோ சொல்லுங்கள்.

சீனி, கஞ்சி, பிஸ்கட் எதையும் பாலில் கலக்காதீர்கள். நாக்கில் தேன் தொட்டு வைப்பது ஒரு வயது வரை வேண்டவே வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் தசைகளையே செயலிழக்கச் செய்யும்.

எவ்வளவு

முதல் நாள், பிள்ளையின் நிறையில் ஒரு கிலோவுக்கு நாள் முழுவதற்கும் 60 மில்லிலீற்றர். பிறகு நாளுக்கு 20 கூட்டி, ஒரு கிழமையில் 150 அளவுக்குக் கொண்டு வாருங்கள். அதை எட்டுத் தடவையாகப் பிரிக்க வேண்டும். மூன்று கிலோப் பிள்ளைக்கு முதல் நாள் ஒரு தடவைக்கு 20 சொச்சம், மூன்றாம் நாள் 35 முதல் 40, ஏழாம் நாள் 55 முதல் 60 மில்லிலீற்றர். கரண்டியைப் பாதியாக்க வேண்டாம். 30 அல்லது 60 கரைத்து, தேவையானதைக் கொடுத்து, மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

இவை வழிகாட்டும் அளவுதான். கையைச் சூப்பும், வாயைத் திறந்து தலையைத் திருப்பித் தேடும்போது கொடுங்கள், முகத்தைத் திருப்பினால் நிறுத்துங்கள். போத்தலைக் கிடையாகப் பிடித்து, நடுவில் நிறுத்தித் தோளில் போட்டு ஏவறை எடுக்க விடுங்கள். ஏணையில் கிடத்திப் போத்தலைத் தலையணையில் சாத்திவிட்டுப் போவது மிகவும் ஆபத்து.

ஆறாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சலம் போனால் பால் போதும் என்று அர்த்தம். முதல் நாட்களில் நிறை கொஞ்சம் குறைவது வழக்கம், இரண்டு கிழமைக்குள் பிறந்த நிறை திரும்ப வேண்டும்.

குடித்த மிச்சத்தை அடுத்த தடவைக்கு வைக்காதீர்கள். வாய் வைக்காத பாலும் அறைச் சூட்டில் இரண்டு மணிக்குமேல் நிற்கக் கூடாது, கச்சான் காற்று வீசும் வெக்கையில் அதற்கும் முன்பே ஊற்றிவிடுங்கள். இரவுக்குக் கரைத்து வைப்பதற்குப் பதிலாக, கொதிதண்ணீரை நல்ல பிளாஸ்க்கில் நிறைய ஊற்றி, அவித்து உலர்த்திய டப்பாக்களில் மாவை அளந்து வையுங்கள். அழும்போது கரைக்க ஐந்து நிமிடம் போதும்.

உடனே ஆஸ்பத்திரி

38 பாகை காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், நீலம் பூத்த உதடு, எழுப்பியும் குடிக்காத சோர்வு, வலிப்பு: இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். இலங்கையில் 1990 க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

மாரி வெள்ளம்

மார்கழி, தை மாதங்களில் கிணறு வெள்ளத்தில் மூழ்கினால், குளோரின் போட்டுச் சுத்தம் செய்யும்வரை அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள். இடம்பெயர வேண்டி வரலாம் என்றால் ஒரு பையில் உடைக்காத டின் ஒன்று, இரண்டு கோப்பை, பிளாஸ்க், சவர்க்காரம், மூடியுள்ள சிறு பானை ஆகியவற்றை முன்கூட்டியே கட்டி வையுங்கள். முகாமில் போத்தலை ஒழுங்காக அவிக்க முடியாது, அங்கே கோப்பையால் கொடுங்கள். யாராவது உதவியாகத் தரும் பால்மாவை, வயதும் திகதியும் பார்த்து, முகாமுக்கு வரும் மிட்வைஃபிடம் காட்டிய பிறகே கரையுங்கள்.